என்கிற

திருமயம் சார்பதிவாளர் அலுவலகம்.
எங்கள் டோக்கன் நாற்பத்தொன்று,
உள்ளே ஓடுவது பதினாறு.
ஆச்சியும் அண்ணனும்
பைனாகுலரோடு வெளியே வந்துவிட்டார்கள்.

எங்கள் பக்கம் அக்காதான் ஆச்சி.
கார் ஓட்டிவந்த இசக்கிக்குக் கல்லிடைக்குறிச்சி.
அங்கே ஆச்சி என்றால் பாட்டி.
'ஒங்க ஆச்சிக்கு இம்புட்டு வயசுதானா' என்று
காலையிலிருந்து கண்ணாடி வழியே
கணக்குப் போட்டுக்கொண்டிருந்தான்.

ஆச்சி லீட்ஸ். அண்ணன் ஒஹையோ.
கோனாபட்டு வீட்டை முகப்பிலிருந்து பின்கட்டு வரை அளந்து
முப்பத்திரண்டு தூணைப் பதினாறு பதினாறாக
குரல் உயராமல் பிரித்துக்கொண்டவர்கள்,
மின்கம்பியில் தகைவிலான்களைப் பார்த்ததும்
ஆரம்பித்தார்கள்.

'ஸ்வாலோ.'
'பார்ன் ஸ்வாலோ.'
'எங்க ஊர்ல ஸ்வாலோன்னா அது ஒண்ணுதான்.
கொட்டடி எதுக்கு முன்னாடி?'
'எங்க ஊர்ல ஏழெட்டு இருக்கு.
கொட்டடியைச் சொல்லலேன்னா எதுன்னு தெரியும்?'

எனக்கு அண்ணன் பக்கம் நியாயம் இருப்பதாகப் பட்டது.
வெறும் சாத்தப்பன், கோனாபட்டு என்று எழுதிய கடிதம்
நாலு வீட்டில் பிரிக்கப்பட்டு
ஐந்தாவது சாத்தப்பனிடம் வந்து சேரும்.
முன்னால் நிற்கும் எழுத்துகளைத்தான்
நாங்கள் விலாசம் என்கிறோம்.
அது இல்லாவிட்டால்
ஆள் இருப்பான், போய்ச்சேர மாட்டான்.

அப்புறம் கொக்கு.
கண்மாய் ஓரம், ஒற்றைக் காலில்.
ஆச்சி அதன் பெயரில் வெள்ளையைச் சேர்த்துச் சொன்னாள்.
'வெள்ளைன்னுதான் தெரியுதே' என்றான் அண்ணன்.
கொக்கு காலை மாற்றிக்கொண்டது.

மூன்றாவதாக வந்து உட்கார்ந்தது வெள்ளைக்கண் வைரி.
பட்டுப்போன கருவேலில்,
எதையும் தேடாததுபோல் கழுத்தைத் திருப்பி.
'பஸ்ஸர்ட்' என்றாள் ஆச்சி, மூச்சைப் பிடித்துக்கொண்டு.
அண்ணன் சிரித்தான்.
அவன் ஊரில் அந்தச் சொல் கழுகுக்கு.
செத்த மானைச் சுற்றி
நெடுஞ்சாலையில் இறங்குமே, அதற்கு.
கிழவர் எப்போது கண்ணை மூடுவார் என்று
காத்திருக்கும் சொந்தக்காரர்களையும்
அப்படித்தான் சொல்வார்களாம்.

சொல்லி முடித்த பிறகுதான்
என்ன சொன்னோம் என்று அவனுக்குக் கேட்டது.
அப்பா போய் நாற்பத்தெட்டு நாள்.

ஆச்சி பைனாகுலரை இறக்கவில்லை.
'எங்க ஊர்ல அது உயிருள்ளதைத்தான் பிடிக்கும்' என்றாள்.
அதற்குப் பிறகு இருவரும்
தனித்தனி மரத்தைப் பார்த்தார்கள்.

எனக்கு இந்தப் பத்திரத்தில் பாகம் இல்லை.
பதினோராம் வயதில் பள்ளத்தூருக்குப் பிள்ளை போனவன்.
காலையில் தேனப்பன்,
மத்தியானச் சாப்பாட்டில் வீரப்பன்.
சட்டையைக்கூட மாற்றவில்லை.
முதல் ஒரு வாரம்
வீரப்பா என்று கூப்பிட்டால்
நானும் எல்லோரோடும் சேர்ந்து திரும்பிப் பார்ப்பேன்,
யார் வருகிறார்கள் என்று.
இன்றைக்கும் ஆச்சிக்கு நான் தேனு.
அண்ணனுக்கு, ஒழுங்காக, வீரப்பன்.
சாட்சிக் கையெழுத்துக்காக வந்திருக்கிறேன்.

'நாற்பத்தொண்ணு!'

எழுத்தர் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.
'சாட்சி பேரு?'
'தேனப்பன்.' 'வீரப்பன்.'
இரண்டும் ஒரே நேரத்தில்,
இரண்டு பக்கத்திலிருந்தும்.
நான் வாயே திறக்கவில்லை.

அவருக்கு இதெல்லாம் பழக்கம்.
ஆதாரை வாங்கி, வீரப்பன் என்று அடித்தார்.
ஒரு இடைவெளி விட்டு, என்கிற.
இன்னொரு இடைவெளி. தேனப்பன்.
'கையெழுத்து எது போடுவீங்களோ அதைப் போடுங்க.
பெருவிரல் ரேகை எப்படியும் ஒண்ணுதான்.'

மையைத் துடைக்க வெளியே வந்தேன்.
இசக்கி மட்டும் கருவேலைப் பார்த்தபடி நின்றான்.
'அண்ணாச்சி, கீழ பாஞ்சு
ஓணான் ஒண்ணைத் தூக்கிட்டுப் போச்சு.
பேரு என்னன்னு முடிவாச்சா?'

கிளை இன்னும் ஆடிக்கொண்டிருந்தது.